பாய்மரப் படகும் வண்டிச் சக்கரமும்

வைகாசி, ஞாயிறு இரவு.

என் மகன் சேகர் ஆசையாக வாங்கிய பழைய பாய்மரப் படகை இன்று பழவேற்காட்டு ஏரியில் இறக்கினார்கள். நானும் போயிருந்தேன். கோடை முழுக்க அது திருத்தணியில் எங்கள் வீட்டு வாசலில் வெயிலில் கிடந்து காய்ந்தது. பாயை ஏற்றுவதற்குள் பலகைச் சந்துகளில் தண்ணீர் புகுந்து சேகரின் கணுக்காலைத் தொட்டுவிட்டது.

என் தம்பி தாமு கரையில் நின்று சிரித்தான். "அறுத்து வெறகுக்குப் போடு மாப்ள. உங்கம்மா வென்னி வச்சிக்கட்டும்."

சேகரின் முகம் சுண்டிப்போனது. விற்றுவிடுகிறேன் என்றான்.

அந்தச் சந்துகளைப் பார்த்ததும் எனக்கு எங்கள் மாட்டுவண்டிச் சக்கரம் ஞாபகம் வந்தது. வெயிலில் மரம் சுருங்கி, அதைச் சுற்றிய இரும்புப் பட்டை ஆடும். என் வீட்டுக்காரர் வண்டியைக் குட்டைத் தண்ணீரில் நிறுத்தி வைப்பார். மரம் ஊறிப் பட்டையை இறுக்கிக்கொள்ளும். ஊறவைக்காமல் ஓட்டிப்போய், கனகம்மாசத்திரத்தில் பட்டை கழன்றதும் சக்கரமே சொத்தை என்று ஊரெல்லாம் சொன்னவன் இந்தத் தாமுதான்.

"ரெண்டு மூணு நாள் தண்ணியிலயே கெடக்கட்டும் சேகரு," என்றேன். கரையோரம் கட்டிப்போட்டான். ஏரித் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். ஒரே உப்பு. உப்புத் தண்ணீரையும் மரம் குடிக்குமா?

நான் வீடு திரும்பிவிட்டேன். அவர்கள் இருவரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். சற்றுமுன் சேகர் போன் செய்தான்.

"தண்ணி வர்றது கொறஞ்சிகினு இருக்குதும்மா."

"உங்க மாமன் பக்கத்துல இருக்கானா?"

"ஆங், படகத்தான் பாத்துகினு இருக்காரு."

"அந்தச் சக்கரம் ஞாபகம் இருக்குதான்னு கேளு."

கேட்டுச் சொல்வதாகச் சொல்லி போனை வைத்தான். இன்னும் கூப்பிடவில்லை. விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.