முக்கால் முழ நீலக் குழாய்

நேற்று மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது அந்த நீலக் குழாய்த் துண்டு கிடைத்தது. முக்கால் முழம் இருக்கும். "இது எதுக்குப்பா? குப்பையில போட்டுடட்டுமா?" என்றாள் மகள். வாங்கிச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நீ வெட்டிப் போட்ட குழாய் அது.

தரமணி பாலிடெக்னிக்கில் ஆசிரியராக எனக்கு அது கடைசி வருடம். மாணவர்கள் ஒரு பந்தயக் கார் செய்துகொண்டிருந்தார்கள். ஸ்டியரிங்கில் பொத்தானை அழுத்தினால், காற்று ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் கியரை மாற்றும். அந்தக் காற்றை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் ஒரு மாதம் வாக்குவாதம். வண்டியிலேயே கம்ப்ரஸர் வைத்தால் கனம், பேட்டரியையும் தின்றுவிடும். கரியமில வாயு உருளை கைக்கு அடக்கம்தான். ஆனால் அடுத்தடுத்துக் கியர் மாற்றினால் சில்லிட்டுப்போய் அழுத்தம் இறங்கிவிடும். முன்கூட்டியே காற்று நிரப்பிய சிறு தொட்டி போதும் என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன். பந்தயத்துக்கு இருநூறு முறை கியர் மாற்ற வேண்டும். என் கணக்கில் நானூறு வந்தது. கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

தொட்டியை நிரப்ப உன்னைக் கூப்பிட்டேன். மயிலாப்பூர் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் நீ. ஆழ்வார்பேட்டையில் பஞ்சர் கடைகளுக்குக் கம்ப்ரஸர் பழுது பார்த்துக்கொண்டிருந்தாய். பலகையை வெகுநேரம் பார்த்தாய்.

"கணக்கு சோக்காகீது வாத்யாரே. கடைசிக் காத்து வரிக்கும் கியர் வுழுமா?"

"ஏன் விழாது?"

"போட்டுப் பாரேன்."

வண்டி ஓட்டும் மாணவி இருக்கையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டே எண்ணினாள். நூற்று ஐம்பதைத் தாண்டியதும், "சார், கியர் விழல சார்!" என்றாள். தொட்டியில் காற்று இருந்தது, தள்ளத் தெம்பில்லை. மாடித் தொட்டியில் குழாய் வாய்க்குக் கீழே நிற்கும் தண்ணீரையும் என் தண்ணீராகச் சேர்த்து எண்ணுகிறவன்போலக் கணக்குப் போட்டிருக்கிறேன். முப்பத்துநான்கு வருடம் அழுத்தம் பற்றிப் பாடம் நடத்தியவன்! பந்தயத்தில் இப்படி நின்றால் அந்தப் பிள்ளைகளின் ஒரு வருட உழைப்பு அதோடு சரி. பெரிய தொட்டிக்கு வண்டியில் இடமும் இல்லை.

நீ என்னைப் பார்க்கவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாய். "வால்வு இங்க, பிஸ்டன் அங்க. நடுவுல இம்மா நீட்டு டியூபு. ஒவ்வொரு தபா அமுக்கும்போதும் காத்த டியூபு முதல்ல துன்னுது, மிச்சந்தான் பிஸ்டனுக்கு. அப்பால அத்தினியும் புஸ்ஸுனு வெளிய வுட்டுட்ற."

வால்வைக் கழற்றிப் பிஸ்டனை ஒட்டி மாட்டினாய். இரண்டுக்கும் இடையே நான்கு விரல் குழாய் போதும் என்று மீதியை வெட்டினாய். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தாய். மறுபடி எண்ணினோம். இருநூற்று இருபத்தைந்து. கியர் விழாமல் போனபோது அழுத்தமானியில் முள் நின்ற இடத்தில் சிவப்புக் கோடு போட்டுவிட்டு, "இதுக்குக் கீய கீறது உன்து இல்ல, வாத்யாரே" என்றாய்.

பந்தயத்தன்று நீ வரவில்லை. அடையாறில் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தாய். கடைசிச் சுற்று முடிந்து கார் கோட்டைத் தாண்டியதும், பிள்ளைகள் கத்திய கத்தலுக்கு நடுவே உனக்குத்தான் முதலில் போன் செய்தேன். பதினோராவது இடம் என்றேன். நீ அதைக் காதில் வாங்கவில்லை.

"முள்ளு எங்க நிக்குது?"

"கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே. பயந்தே போய்விட்டேன்."

உனக்கு மூச்சு வாங்கியது. சிரிப்பும் வந்தது. "போதும் வாத்யாரே. ரேஸு முட்ஞ்சிச்சில்ல? மிச்சம் வெச்சிகினு இன்னா பண்ணப் போற?"

மூன்றாவது வாரம் நீ போய்விட்டாய்.

இன்று காலை குழாயை எடுத்து, குழந்தைபோல ஒரு முனையில் வாய் வைத்து ஊதிப் பார்த்தேன். மறுமுனையில் வைத்திருந்த உள்ளங்கையில் காற்று பட்டது. மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். குழாயைத் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டேன்.