தேதி போடாத பதிவு

12 பிப்ரவரி 2012, ஞாயிறு இரவு

தேதியை முதலில் எழுதிவிட்டேன். ஃபேஸ்புக்கில் இதைத்தான் மறந்து தொலைத்தேன்.

மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் ஸ்டெல்லா அக்காவின் மகளுக்கு ஆபரேஷன் என்று போன வருடம் "ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரம்" எனப் போட்டு, அக்காவின் நம்பரையும் கொடுத்திருந்தேன். ரத்தம் அன்றைக்கே கிடைத்தது. குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் அந்தப் பதிவை யார் யாரோ இன்னும் காப்பி எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் என் பக்கத்தில் அழித்தும் அக்காவுக்கு வரும் அழைப்புகள் நிற்கவில்லை.

இன்று மன்னிப்புக் கேட்கலாம் என்று புது சிம் கார்டோடு போனேன். அக்கா அதைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"நக்கோ, வேண்டாம். என் நம்பர் இருக்கட்டும்."

"நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்ற உங்க வீட்டுக்காரர் தூங்க வேண்டாமாக்கா?"

"அவர் தூங்குறப்ப ஃபோன் என்கிட்டதானே இருக்கு?"

அப்போதே ஃபோன் அடித்தது. அக்கா தெலுங்கில் பேசினார். பாப்பா நன்றாக இருக்கிறாள், நீங்கள் எந்த ஏரியா, அதே ஆஸ்பத்திரியில் இன்னொருவருக்கு வேண்டியிருக்கிறது, போக முடியுமா என்று கேட்டார். அழைத்தவர் போகிறாராம்.

"அங்க இருக்கிற நர்ஸம்மா யாருக்கு வேணும்னு எனக்குச் சொல்லுவாங்க," என்றார் என்னிடம். "ரத்தம் குடுக்கிறேன்னு வர்றவங்கள எப்படிம்மா வேணாம்னு அனுப்புறது?"

நான் ஒரு வாரமாகக் கூனிக் குறுகியதெல்லாம் வீண். அந்த நர்ஸ் சொன்ன அடுத்த நோயாளிக்காக இப்போதுதான் புதிய பதிவு போட்டேன். தேதியோடு. நம்பர் அக்காவுடையதுதான், கேட்டுவிட்டுத்தான் போட்டேன்.