களத்தில் இடது பக்கம் இழுத்த வண்டி

ஊரே ‘அம்பாசடர்காரர்’ என்று சொல்ல, நான் மட்டும் மாமா என்று கூப்பிட்ட உங்களுக்கு,

முதலில் நல்ல சேதி. வண்டி நேராகப் போகிறது. நேற்று உங்கள் கூட்டாளி பஷீர் பாய் ஓட்ட, ஏரிக்கரை ரோட்டில் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துப் பார்த்தோம், அது பாட்டுக்கு நூல் பிடித்த மாதிரி போனது. நீங்கள் இருந்திருந்தால் ஒரு வாரத்துக்கு வீட்டில் வேறு பேச்சே இருந்திருக்காது.

இரண்டாவது சேதியைக் கோபப்படாமல் கேளுங்கள். வண்டி இடது பக்கம் இழுத்ததற்கு நான் காரணமில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்து எட்டு மாசம் கழித்து சண்டைக்கு வருகிறாளே என்று நினைக்காதீர்கள். இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நாகலூரில் சமமான தரை என்று ஒன்று இருந்தால் அது நம் காப்பிக் களம்தான் என்பீர்கள். வருஷா வருஷம் காய்ந்த காப்பியை அள்ளி மூட்டை கட்டியதும் வண்டியைக் களத்தில் ஏற்றிச் சக்கரங்களின் அலைன்மெண்ட் பார்க்க உட்கார்ந்துவிடுவீர்கள். டேப்பின் ஒரு முனை உங்கள் கையில், மறுமுனை என் கையில். முன்சக்கரம் இரண்டுக்கும் நடுவே முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து, சக்கரத்தைத் திருப்பும் அந்தக் கம்பியை ஸ்பேனரால் முறுக்குவீர்கள். எல்லாம் முடிந்து என்னை இடது சீட்டில் உட்கார வைத்துக் கையை விட்டு ஓட்டினால் வண்டி இடது பக்கமே போகும்.

“பாத்தியா சரசு, எல்லாம் உன்ற வெயிட்டுதான்” என்பீர்கள். நானும் “அப்ப ராத்திரிக்கு உங்க சோத்தையும் நானே தின்னுக்கறேனுங்க” என்பேன். அதுவரைக்கும் அது நமக்குள் இருந்த விளையாட்டு.

அதை ஏற்காடு டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. “எங்கூட்டுக்காரி ஏறுனா வண்டி சாயும், எறங்குனா நேரா நிக்கும்” என்றீர்கள். கடையே சிரித்தது. எனக்கு முகம் செத்துப்போனது. அன்றைக்கே பஸ் ஏறி வீடு வந்தேன். அதற்குப் பிறகு நீங்கள் இருந்த பதினொரு மாசமும் அந்த சீட்டில் நான் உட்காரவில்லை. எனக்கு ரோஷம் ஜாஸ்தி என்று எங்கள் அம்மா சொன்னது சும்மா இல்லை.

ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, “ஏறு சரசு, சும்மா வெளையாட்டுக்குத்தான சொன்னேன்” என்றீர்கள். நான் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது, ஏறினேன். கடைசி சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தால் நாகலூர் வரைக்கும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டி வருகிறீர்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

போன வாரம் பாய் தன் இரும்புக் கடையைச் சாத்திவிட்டு வந்து வண்டியைப் பார்த்தார். “ஏனுங் தங்கச்சி, முன் டயரு ரெண்டும் உள்பக்கமா தேஞ்சு போச்சுங்க. இதை ஓட்டிக்கிட்டு மலை எறங்குனா நொம்ப ஆபத்துங்க” என்றார். சேலத்தில் மெஷின் வைத்துச் சரி செய்வார்களாம். அந்த மெஷினுக்குப் போகவே இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டுமே. அதனால் நாமே பார்த்துவிடலாம் என்றேன். டேப் பிடித்த கை அல்லவா.

அளந்தால், பின்னளவை விடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டிய முன்னளவு அரை இஞ்ச் அதிகமாக இருந்தது. இடது பக்கத்துக் கம்பி மட்டும் கண்டபடி முறுக்கிக் கிடந்தது. இழுப்பை நிறுத்துகிறேன் என்று வருஷா வருஷம் அதையே முறுக்கியிருக்கிறீர்கள். பாய் இரண்டு பக்கத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். மூன்று தரம் வண்டியை உருட்டி மூன்று தரம் அளந்தோம். பிறகு பாய் ஓட்ட, நான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு இடது சீட்டில் ஏறினேன். அவர் கையை விட்டார். வண்டி இடது பக்கம் போனது.

பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போ நிஜமாகவே நான்தானா என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. களத்துத் தண்ணீர் மெதுவாக இடது மூலைக்கு ஓடி, சுவரிலிருக்கும் ஓட்டை வழியாக வெளியேறியது. தண்ணீர் நின்றால் காப்பி கெட்டுப்போகும் என்று கொத்தனாரை மேலே நின்று விரட்டி, அந்த மூலைக்குச் சாய்த்துப் பூசச் சொன்னது யார் மாமா? இருபது வருஷமாக ஒவ்வொரு மழைக்கும் அந்த மூலைக்கே விளக்குமாற்றால் தண்ணீரைத் தள்ளியது நான்தானே? ஊரெல்லாம் மேடும் பள்ளமும், இந்தத் தரையை மட்டும் சமம் என்று நாம் இரண்டு பேருமே நம்பிவிட்டோம்.

“பாய், வண்டியத் திருப்பி அந்தக் கோடியில இருந்து ஓட்டுங்க” என்றேன். ஓட்டினார். நான் அதே இடது சீட்டில்தான் இருந்தேன். வண்டி வலது பக்கம் போனது.

“இப்ப என்ற வெயிட்டு எங்கீங் பாய் போச்சு?” என்று கேட்டேன். சிரித்தேன், சிரிக்கும்போதே அழுதுவிட்டேன்.

பாய் வண்டியை நிறுத்தினார். அப்புறம் சொன்னார்: “உங்க வெயிட்டு இல்லைன்னு அவனுக்குத் தெரியுங்க தங்கச்சி. களம் சாய்வுன்னு தெரியாது. ஆனா நீங்க ஏறாம விட்டப்பறமும் வண்டி இழுக்குதுன்னு தெரியும். காலி சீட்டோட ஓட்டிப் பாத்துட்டு எங்கிட்ட வந்தான். ‘சரசுகிட்டச் சொல்லிராத பாய், நானே நல்ல நேரம் பாத்துச் சொல்லிக்கறேன்’னான்.”

என்ன நல்ல நேரம் மாமா? சோறு போடும்போது சொல்லியிருக்கலாம். அந்த பஸ் ஸ்டாப்பில் சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் உங்களைப் படாத பாடு படுத்தியிருப்பேன், எட்டாம் நாள் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். இல்லை, நீங்கள் சொல்லாமலே நான் ஏறியிருக்கலாம். வெயிட்டுதான், இப்போ என்ன அதுக்கு, ஓட்டுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கும்தான் வாய் வரவில்லை.

கேஸில் நான் ஜெயித்துவிட்டேன். தோற்ற முகத்தைக் காட்ட நீங்கள் இல்லாதபோது அந்த ஜெயிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். டீக்கடையில் யார் கேட்டாலும், வண்டி இழுத்தது என் வெயிட்டால்தான், அவர் சொன்னது சரிதான் என்று சொல்வேன். பாயிடமும் சத்தியம் வாங்கியாயிற்று. மாமாவைத் தவிர வேறு யாராவது இந்தக் கடிதத்தைப் படித்தால், நீங்களும் ஏற்காட்டுப் பக்கம் வந்தால் தயவு செய்து வாயைத் திறக்காதீர்கள்.

உங்கள் அத்தைக்கு மகளாகப் பிறந்து உங்களுக்கே வாக்கப்பட்ட,
சரசு