அப்ரார் வாங்கிவந்த கம்ப்யூட்டர்

அப்ரார் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம், அவன் வாங்கிவந்த கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் பவுசியா பெட்டியில் கட்டி ஆட்டோவில் ஏற்றினாள். கல்யாணங்களை வீடியோ எடுப்பது கணவன் வேலை. வெட்டி ஒட்டி, நிறம் சரிசெய்வது அவள் வேலை. நிறத்தை உள்ளபடி காட்டும் மானிட்டர் வேண்டுமென்று அவள் தலைபாடாய் அடித்துக்கொண்டும் கேளாமல், கலர் லைட் மின்னுகிறதே என்று அவன் இதைத் தூக்கி வந்தான். எல்லாவற்றையும் நீலமாகக் காட்டிய அந்தத் திரையை நம்பி அவள் மஞ்சளைக் கூட்டினாள். கீரமங்கலத்து மணப்பெண் சொந்த வீட்டு டிவியில் காமாலை வந்தவளாகத் தெரிந்தாள். "எடிட் பண்ணுனவுகளுக்குக் கண்ணு தெரியாதா?" என்று அந்தப் பெண் போனில் கேட்டது இன்னும் காதில் எரிந்தது.

காலண்டர் தாளின் பின்பக்கம் அழுத்தி எழுதினாள்:

"மச்சான், பெட்டியைத் திருப்பிக் குடுக்கப் புதுக்கோட்டை போறேன். மெமரி கூடுதலா, நெறம் சரியாக் காட்டுறதா நானே பார்த்து எடுக்குறேன். மீன் ஆணம் அடுப்பு மேல இருக்கு. சோறு நீங்களே வடிச்சுக்கங்க. வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்ல குடுங்க. மத்தியானம் கீரமங்கலத்துப் பொண்ணோட வாப்பா வருவாங்க. டீ குடுத்து உக்கார வச்சு, தப்பு எம்மேல இல்லைன்னு நீங்கதான் சொல்லணும். மழுப்புனீங்கன்னா அடுத்த கல்யாணத்தை நீங்களே எடிட் பண்ணிக்கங்க."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் மிஞ்சிய இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"நீங்க எடுத்த படம் அம்புட்டு அழகா இருந்துச்சு. அதை எங்கையாலயே பாழாக்க வச்சுட்டீங்க. அதான் எனக்கு ஆத்திரம்."