தந்தி அறுந்த நாளில் பிறந்த பாட்டு

அன்பு இசில்டா,

எனக்கு இங்கே சாப்பாடும் தூக்கமும் குறைவில்லை. உன் இருமல் விட்டதா?

போன வாரம் இங்கே கிங்ஸ்டன் ஸ்டுடியோவில் பாட்டுப் பதிவின் நடுவே என் கிதாரில் இரண்டு தந்திகள் அறுந்துவிட்டன. விரலில் சின்னக் கீறல்தான், பயப்படாதே. மிச்சத் தந்திகளை வைத்து, தாளம் விழும் இடத்தை விட்டு, இடைவெளியில் மட்டும் வெட்டி வெட்டி வாசித்தேன்.

"என்னடா, கிதாருக்கு விக்கலா?" என்று டிரம்ஸ் வாசிக்கும் லாசெல்ஸ் சிரித்தான்.

ஸ்டுடியோ முதலாளியோ, "நிறுத்தாதப்பா! அமெரிக்காக்காரன் மாதிரியே எத்தன நாள் வாசிப்பீங்க? இது நம்மளுது!" என்று கத்தினார்.

சனிக்கிழமை நடனத்தில் அந்தப் பாட்டின் இசைத்தட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். எல்லோரும் சோடியாக ஆட, நான் ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

பஸ்ஸில் யாராவது வந்தால் கொஞ்சம் இஞ்சியும் என் வெள்ளைச் சட்டையும் கொடுத்தனுப்பு. வேண்டாம், நீயே கொண்டு வா. எனக்கு வாசிக்கத்தான் தெரிகிறது. ஆட நீ வேண்டும்.

லாசெல்ஸ் வாசலில் கூப்பிடுகிறான்.

உன்
ரென்ஃபர்ட்