இன்னும் இரண்டு வருடம்

வடக்கனந்தல்
11.06.2024

தமிழ்மொழி அப்பாவுக்கு,

நீங்கள் யூனிட்டுக்குப் போய்ச் சேர்ந்த செய்தி உங்களோடு வேலை பார்க்கும் ஆதிமூலம் அண்ணன் மூலமாக வந்தது. மேலே காவல் போஸ்ட்டுக்கு ஏறிவிட்டால் வாரத்துக்கு ஒரு முறை மூன்று நிமிடம்தான் போன் என்றீர்கள். அந்த மூன்று நிமிடத்தில் உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களின் இருமல்தான் எனக்கு அதிகமாகக் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நானும் பாப்பாவும் சுகமாக இருக்கிறோம். நேற்று பள்ளிக்கூடம் திறந்தது. ஏழாம் வகுப்பு. மலையில் மாமாவுக்கு இடது கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது. கண்ணாஸ்பத்திரிக்கு வரச் சொன்னால், மரவள்ளிக்குக் களையெடுத்துவிட்டு வருகிறேன் என்கிறார்.

முதல் விஷயம், நூலகத்துப் புத்தகம் ஒன்று உங்கள் பெட்டியோடு வந்துவிட்டது. தேனீ வளர்ப்புப் புத்தகம். நூலகத்து ரங்கம்மாள் அக்கா இரண்டு முறை கேட்டுவிட்டார். அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது விஷயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாற்பது நாள் லீவில் வந்திருந்தீர்கள். பாப்பா விடுமுறையில் படிக்கட்டும் என்று நூலகத்தில் சேர்த்துவிட்டேன். அவள் படித்தது ஒன்பது புத்தகம். நீங்கள் படித்தது பதினாறு. அவளே எண்ணி நோட்டில் எழுதிப் பள்ளிக்கூடத்தில் காட்டியிருக்கிறாள். அவளுக்கு அதில் பெருமை. நான் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் புத்தகம் உங்கள் முகத்துக்கு ஏறிவிடும். மலைக்குப் போன அன்று மாமா, வீடு கட்ட இடம் காட்டுகிறேன் என்று கம்பை ஊன்றிக்கொண்டு முன்னே நடக்கிறார். நீங்கள் பாறைமேல் உட்கார்ந்து பக்கம் புரட்டுகிறீர்கள். "அவன் இன்னாம்மா, எந்நேரமும் படிச்சிக்கினே கீறான்? பரிச்ச எழுதப் போறானா?" என்று என்னைக் கேட்டார்.

பிப்ரவரியோடு உங்கள் சர்வீஸ் பதினேழு வருடம் முடிகிறது. அத்தோடு வந்துவிடுவீர்களா, இன்னும் இரண்டு வருடத்துக்கு எழுதிக் கொடுக்கப் போகிறீர்களா என்று மூன்று முறை கேட்டேன். ஒரு முறை "பாக்கலாம்" என்றீர்கள். ஒரு முறை "இந்த அத்தியாயம் முடியட்டும்" என்றீர்கள். மூன்றாம் முறை அடுத்த புத்தகத்தை எடுக்க எழுந்து போனீர்கள்.

சண்டை போட எழுதவில்லை. அதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

நர்மதா


ராணுவத் தபால் நிலையம், 56 ஏ.பி.ஓ.
02.07.2024

அன்புள்ள நர்மதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ரேஷன் ஏற்றிவந்த கோவேறு கழுதைகளோடு வந்தது. ஓரம் நனைந்திருந்தது. ஆனால் ஒரு வரியும் அழியவில்லை. இங்கே ஜூலையிலும் பனி கிடக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவை எப்படியாவது கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடு. அவர் சொல் பேச்சுக் கேட்பது உன்னிடம் மட்டும்தான்.

ஆதிமூலம் லீவில் வருகிறான். புத்தகத்தை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். ரங்கம்மாள் அக்காவிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்.

நான் படித்ததற்குக் கோபப்படாதே. பத்தாவதுக்குப் பிறகு எந்தப் புத்தகத்தையும் முழுதாகப் படித்தவன் இல்லை. பாப்பாதான் முதல் நாள் ஒன்றைக் கையில் திணித்தாள். ஒரு பஸ் கண்டக்டர் குடும்பத்துக் கதை. கண்டக்டர் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறான், பையை ஆணியில் மாட்டுகிறான், என்ன குழம்பு என்று கேட்கிறான். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் என்னால் கீழே வைக்க முடியவில்லை. அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது என்று போய்விட்டது.

நான் இல்லாத வீட்டை நீ ஒருத்தியாகத் தாங்கிக்கொண்டிருக்கிறாய். அதற்கு என் நன்றி. பாப்பாவை நன்றாகப் படிக்கச் சொல்.

அன்புடன்,
வெற்றிசெல்வன்


வடக்கனந்தல்
24.07.2024

தமிழ்மொழி அப்பாவுக்கு,

நான் கேட்டதைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறீர்கள்.

நன்றி என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். ஆட்டோக்காரர் சில்லறை வாங்கிக்கொண்டு சொல்வதுபோல் இருந்தது. பதினான்கு வருடத்தில் நமக்குள் அந்த வார்த்தை வந்ததில்லை.

மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐந்து நாள் இங்கே வைத்திருந்து நேற்று முன்தினம்தான் மலைக்கு பஸ் ஏற்றிவிட்டேன். நேற்று ஆதிமூலம் அண்ணன் நைனார்பாளையத்திலிருந்து குடும்பத்தோடு வந்து புத்தகத்தைக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று நிறுத்தினேன். அடுப்படியில் அவர் மனைவி தேவிப்ரியா எனக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு இந்த மாசம்தாங்கா எழுதிக் குடுத்தாரு. உங்களவரு ஏப்ரல்லயே குடுத்துட்டாருல்ல? ரெண்டு வருசம்தான, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும்."

"ஆமா, தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சோற்றை வடித்தேன்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி நீங்கள் லீவில் வந்தீர்கள். அதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுதினால் போதும்.

நர்மதா


56 ஏ.பி.ஓ.
08.08.2024

நர்மதா,

ஆமாம். ஏப்ரல் ஒன்பதாம் தேதி.

ஆபீசில் கூப்பிட்டுக் கேட்டார்கள். வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். பேனாவை வாங்கிக் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். இப்போது போய் விசாரித்தேன். இனி மாற்ற முடியாதாம்.

காரணம் கேட்பாய். பயம்தான். இங்கே மைனஸ் இருபதில் நின்றுவிடுகிறேன். நம் வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பாப்பாவுக்கு எந்த சப்ஜெக்ட் வராது என்று தெரியாது. போன வருடம் லீவில் வந்த மூன்றாம் நாளே அவள் "அப்பா எப்ப கெளம்புவீங்க?" என்று கேட்டாள். தப்பாகக் கேட்கவில்லை. பள்ளிக்கூட டூர் தேதியைப் பார்த்துக் கேட்டாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஊரில் மிலிட்டரிக்காரர் என்று கடைக்காரன்கூட எழுந்து நிற்கிறான். நிரந்தரமாக வந்துவிட்டால் ஏதாவது ஏ.டி.எம். வாசலில் நாற்காலி போட்டு உட்காருவேன். அப்போது யாரும் எழுந்து நிற்கமாட்டார்கள். நீயும் பாப்பாவும் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள்.

உன்னிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். ரயிலில் வழியெல்லாம் வார்த்தை கோத்துக்கொண்டு வந்தேன். சின்னசேலம் ஸ்டேஷனில் நீ பச்சைப் புடவையில் நின்றாய். இதுதான் கடைசி லீவு என்று நினைத்துக்கொண்டு நிற்கிறாய் என்று உன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன். கையில் புத்தகம் இருந்தால் கேட்கமாட்டாய் என்று நினைத்தேன். அப்படியும் கேட்டாய்.

மலையில் அன்று அப்பா உன்னிடம் பரீட்சையா என்று கேட்டது என் காதில் விழுந்தது. "வருசம் பூரா காவல் நிக்கிறாரு மாமா, லீவுலயாச்சும் நிம்மதியா படிக்கட்டும்" என்று நீ சொன்னதும் விழுந்தது. அப்படி விட்டுக்கொடுக்காமல் பேசியவளிடம் ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நன்றி என்று எழுதியது அதற்குத்தான். என்னிடம் வேறு வார்த்தை இல்லை.

திட்டியாவது எழுது.

வெற்றிசெல்வன்


சின்னசேலம்
15.09.2024

தமிழ்மொழி அப்பாவுக்கு,

ஆகஸ்ட் பதினைந்து அன்று பாப்பா பள்ளிக்கூடத்தில் என்னை மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். இந்தக் குடும்பத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும் என்று தலைமையாசிரியர் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு இடுப்பு வலித்தது. மறுநாள் கதவிடுக்கில் உங்கள் கடிதம் கிடந்தது.

ஒரு மாதமாகப் பதில் எழுதாததற்கு வேறு காரணம் இல்லை. எழுத உட்கார்ந்தால் அசதியாக இருந்தது.

உங்கள் பயத்தைப் பற்றி யோசித்தேன். என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து பயந்திருப்பேன். அவ்வளவுதான். உப்பு டப்பாவை ஒரு நாளில் கண்டுபிடித்துவிடலாம்.

கல்யாணமான இரண்டாம் வருடம் எனக்கு பி.எட். சேர இடம் கிடைத்தது. அப்போது பாப்பா வயிற்றில் இருந்தாள். அப்புறம் ஒவ்வொரு வருடமும், நீங்கள் வந்த பிறகு சேரலாம், வந்த பிறகு சேரலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இந்த வருடம் சேலத்தில் ஒரு கல்லூரியில் இடம் கேட்டேன். கொடுத்தார்கள். அதுவும் இரண்டு வருடம்தான். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம்தான்.

வடக்கனந்தல் வீட்டைக் காலி செய்தாயிற்று. பீரோவையும் கட்டிலையும் மலைக்கு ஏற்றிவிட்டேன். நானும் பாப்பாவும் இங்கே என் தங்கை சங்கவி வீட்டில் இருக்கிறோம். பாப்பாவை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது பரவாயில்லை. மாமாவிடம் நானே போய்ச் சொன்னேன். வீட்டுக்கு என்று காட்டிய இடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். பிறகு, "சரிம்மா. வூடு இப்பத்திக்கு இல்லன்னு ஆயிடுச்சி. அந்த எடத்துல சாமை வெதைச்சிடறேன்" என்றார். விதைத்தும்விட்டார்.

அடுத்த லீவில் எங்கே வந்து இறங்குவது என்று நினைப்பீர்கள். சங்கவி வீட்டில் ஒரே அறை. நீங்கள் மலையில் மாமாவோடு தங்குங்கள். அவருக்கும் துணை வேண்டும். பாப்பாவை சனிக்கிழமை மாலை பஸ் ஏற்றி அனுப்புகிறேன். அவளுக்குக் கணக்குதான் வராது. நானும் கூட வருவேனா என்று கேட்காதீர்கள். வருவேன் என்று எழுதினாலும் பொய்யாகிவிடலாம், வரமாட்டேன் என்று எழுதினாலும் பொய்யாகிவிடலாம். அன்றைக்கு என்ன தோன்றுகிறதோ பார்க்கலாம்.

திட்டி எழுதச் சொல்லியிருந்தீர்கள். காலையில் கல்லூரிக்குப் போகும் ஏழு மணி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைக்கிறது. உட்காரும்போது உங்களிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன். ஊர் எல்லை தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறேன். சேலத்தில் கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்புகிறார். வேளை கெட்ட வேளையில் இப்படித் தூங்கி எத்தனையோ வருடம் ஆகிறது.

இனிக் கடிதம் எழுதினால் சங்கவி வீட்டு முகவரிக்கு எழுதுங்கள். பின்பக்கம் குறித்திருக்கிறேன்.

நர்மதா