முகம் தெரிகிற படம்

அன்புள்ள நெட்டைக்கு,

நலமா? போனில் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். இன்றே படித்துவிடு.

தானே சமைத்துச் சாப்பிடுவதாக உன் அம்மா சொல்லியிருப்பார். அது உண்மையில்லை. வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. கட்டுப் பிரித்த பிறகும் கரண்டி பிடிக்க முடியவில்லை. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு நகராட்சி தரும் மதியச் சாப்பாட்டைத்தான் வாங்கிக்கொள்கிறார். அந்த வேலையை நகராட்சி இப்போது எங்கள் தொண்டு நிறுவனத்திடம் விட்டிருக்கிறது. வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவள் நான். முதல் நாள் கதவைத் திறந்ததும், "நீயா? அவகிட்ட மூச்சு விடாதடி. படிப்ப விட்டுட்டு ஓடி வந்துடுவா" என்றார். தலையாட்டினேன்.

இப்போது புது விதி. வாங்குகிறவரின் முகம் தெரியப் படம் எடுத்து நகராட்சிக்கு அனுப்ப வேண்டும். அதே படங்களை எங்கள் நிறுவனம் இணையத்திலும் போடுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நீ அந்தப் பக்கத்தை விடாமல் பார்ப்பது உன் அம்மாவுக்குத் தெரியும். அதனால் கதவிடுக்கில் கையை மட்டும் நீட்டுகிறார். "சினிமா ஸ்டார்கூட இவ்ளோ பிகு பண்ண மாட்டாங்கம்மா" என்று எங்கள் சாப்பாட்டு வண்டி ஓட்டும் அண்ணன் கேலி செய்தார். "அவங்களுக்கு எம்மக மாதிரி ஒரு மக இருந்தா தெரியும்" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

அவர் படத்தை மட்டும் இணையத்தில் போடாமல் விடலாமா என்று மேலாளரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நகராட்சி சொன்னா விட்டுடலாம்" என்றார். நகராட்சிக்குப் போனால், "அது உங்க நிறுவனத்து விஷயம், எங்கள ஏம்மா இழுக்கிற?" என்கிறார்கள். நாளை மதியமும் படம் வராவிட்டால் சாப்பாட்டுப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுவார்கள். இன்று அதைச் சொன்னேன். "எடுக்கட்டும்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். கொடுத்த சாப்பாட்டில் பாதியை அவர் இரவுக்கு மூடி வைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் ஒளிவது உன்னிடமிருந்து மட்டும்தான். உனக்கே தெரிந்துவிட்டால் யாரிடம் ஒளிவார்? அதனால் கொடுத்த வாக்கை மீறுகிறேன். நாளை மதியத்துக்கு முன் அவரைக் கூப்பிடு. அழாதே, திட்டாதே, கிளம்பி வருகிறேன் என்றும் சொல்லாதே. சாப்பாடு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேள்.

உன் தேர்வு நல்லபடியாக முடியட்டும். அவர் இனி என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. கதவைத் திறந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் ஊமைக்கோட்டான்